சங்கத்திலிருந்து ஒரு மாமியார்

எங்கள் கடையில் மாமியார் என்றால் என்ன என்று சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிடும். தலைமை அலுவலகம் ரகசியமாக அனுப்பும் ஆள். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வருவார், வாங்குவார், உட்கார்ந்து சாப்பிடுவார், போய்விடுவார். இரண்டு நாள் கழித்து மார்க் வரும். வாசலில் யாரும் வரவேற்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் ஆறியிருந்தது. கழிப்பறையில் கை துடைக்கக் காகிதம் இல்லை. கவுண்டரில் நின்ற பெண் சிரிக்கவில்லை.

மார்க் குறைந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த வாரத்து அட்டவணை கைபேசியில் வரும்போது நம் பெயருக்கு எதிரே கட்டங்கள் காலியாக இருக்கும். அவ்வளவுதான். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

சிரிக்காத பெண் பெரும்பாலும் நான்தான்.

மாமியார் என்று பெயர் வைத்தவன் ஒட்டகம். பன்னுக்குள் கோழித்துண்டை வைத்து மடித்துக் கொடுக்கும் மேசை அவனுடையது. கழுத்து நீளம். "வந்து உக்காந்து வயிறாரச் சாப்பிட்டுட்டு, வெளிய போய் உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு சொல்றவங்களுக்கு வேற என்ன பேரு வைக்கிறது?" என்பான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மாமியாரைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. தனியாக வருவார். எதையாவது மாற்றிக் கேட்பார், வெங்காயம் வேண்டாம், ஐஸ் வேண்டாம் என்று. நம் சட்டையில் இருக்கும் பெயரைப் படிப்பார். அவசரமில்லாமல் பேச்சுக் கொடுப்பார். அப்படி யாராவது வந்தால், முதலில் பார்ப்பவர் கையில் கிடைத்ததை வைத்து மூன்று முறை தட்ட வேண்டும். ஒட்டகம் இடுக்கியால் எஃகு மேசையில் தட்டுவான். அடுத்த நொடி கடை முழுவதும் பல் தெரியும்.

பொரிக்கும் இடத்தில் நிற்பவர் அக்கா. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, மேனேஜருக்கும்கூட. கடை திறந்த நாளிலிருந்து கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறார். அவர் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படிக்கிறாள்.

சூடு தாங்கும் கையுறை ஒரே ஒரு ஜோடி இருந்தது. வலது கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிழிசல். அக்கா கேட்கும்போதெல்லாம், "அடுத்த சரக்கோட வந்துடும்கா" என்பார் மேனேஜர். சரக்கு வந்தது, போனது. ஒரு மதியம், கூட்டம் நெரிக்கும் நேரத்தில், கூடையைத் தூக்கும்போது எண்ணெய் கிழிசல் வழியாக உள்ளே இறங்கியது. அக்கா கையுறையை உருவி எறிந்துவிட்டுக் குழாய்க்கு ஓடினார்.

எண்ணெய் சிந்திய இடத்தைக் கேமராவிலிருந்து புகைபோக்கி மறைத்துவிட்டது. கேமராவில் இருந்தது வெறுங்கையோடு ஓடும் அக்கா மட்டும்.

மறுநாள் காலை மூன்று ஜோடி புதுக் கையுறைகள் கொக்கியில் தொங்கின. பழையதைக் காணோம்.

அடுத்த வாரம் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. பாதுகாப்பு விதியை மீறிக் கையுறை இல்லாமல் வேலை செய்தது பற்றி இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை விசாரணை. ஊழியர் சங்க உறுப்பினராக இருந்தால் சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டி வரலாம், இல்லாவிட்டால் உடன் வேலை பார்க்கும் ஒருவரை. அதுவரை வாரத்தில் ஒரே நாள் வேலை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சங்கமாம்" என்றார். "இருக்கற வேலையே போகப்போகுதாம், இதுல சங்கம்."

அந்த அம்மா எங்கள் கடைக்கு வரத் தொடங்கியது அதே சமயத்தில்தான்.

ஐம்பது வயதிருக்கும். துணிப்பை ஒன்று தோளில். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார், பிறகு அதைத் தேடுவார். பால் இல்லாத காப்பி கேட்டார். சர்க்கரை தனியாக வேண்டும் என்றார். என் பெயரைப் படித்தார். எனக்குப் பின்னால் இடுக்கி மூன்று முறை தட்டியது.

"என்னம்மா, நாள் முழுக்க நின்னுட்டே இருக்கணுமா?"

"பரவால்ல மேடம். நின்னு வேலை செஞ்சா உடம்புக்கு நல்லதுதான்."

"வேலை நேரமெல்லாம் முன்னாடியே சொல்லிடறாங்களா? திடீர் திடீர்னு மாத்தறாங்களா?"

"எங்க நிறுவனம் எங்களைக் குடும்பம் மாதிரி பாத்துக்குது மேடம். காப்பியோட வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா? வறுவல் இப்பதான் சூடா வந்துச்சு."

நான் கூச்சப்படுகிறவள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்கள் போகும்வரை சமையலறையில் பாத்திரம் தேய்ப்பேன், தேய்த்த பாத்திரமாக இருந்தாலும். ஆனால் மனப்பாடம் செய்ததை யார் முகத்தைப் பார்த்தும் சொல்லிவிடுவேன். வேதியியலில் பட்டம் வாங்கியதும் பாதி அப்படித்தான்.

அவர் மறுபடி வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். அவர் உட்காரும் மேசையை உட்காருவதற்கு முன்பும் துடைத்தோம், பின்பும் துடைத்தோம். அவர் கழிப்பறைப் பக்கம் திரும்பினால் ஒருவர் முன்னால் ஓடிப் போய்க் காகிதச் சுருள் மாற்றினார். ஒட்டகம் கேட்காமலே தண்ணீர் கொண்டு போய் வைத்தான். "இங்க வேலை எப்படிப்பா இருக்கு?" என்று அவனிடம் கேட்டாராம். "சொந்த வீடு மாதிரி இருக்கு மேடம்" என்றானாம். அவன் தங்கியிருப்பது எட்டுப் பேர் படுக்கும் அறை.

கடைசியாக வந்த அன்று அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். முகம் வாடியிருந்தது. மார்க் குறைக்க ஒன்றும் கிடைக்கவில்லை போல என்று நினைத்தேன். எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்று மாலை வீட்டில் அண்ணி பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றிக் கால்களை உள்ளே விட்டிருந்தார். அண்ணிக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை, எங்கள் கடை இருக்கும் அதே வளாகத்தில் கீழ்த்தளம். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் அரை மணி நேரம் வாளிதான். அண்ணன் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய் படிச்சவளே. உங்க கடையில எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்கீங்களாமே."

"யார் சொன்னா?"

"எங்க சங்கத்து அம்மாதான்."

புதுச் சங்கம். கடைகளிலும் துரித உணவகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்காக இந்த வருடம்தான் தொடங்கியிருந்தார்கள். வேலை நேரத்தை இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும், நினைத்தபடி குறைக்கக் கூடாது, உட்கார நாற்காலி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி முதல் கூட்டத்திலேயே சேர்ந்துவிட்டார். என்னையும் கேட்டார். "பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

"எங்க சூப்பர் மார்க்கெட்டு சேந்தாச்சு, செருப்புக் கடை சேந்தாச்சு, தியேட்டர்ல பாப்கார்ன் விக்கறவங்க கூட சேந்தாச்சு. உங்க கடைக்கு நாலஞ்சு தடவை போனாங்களாம். போற இடத்துல பேச விடமாட்டாங்கன்னு வாடிக்கையாளரா போய்க் காப்பி வாங்கி உக்காந்து பாத்தாங்களாம். 'தங்கமான நிர்வாகம்மா. ஒருத்தர் கூட ஒரு குறை சொல்லல. பொண்ணு கொடுத்த வீட்டுல கூட எனக்கு இப்படி ஒரு கவனிப்பு இல்ல. அந்தக் கடைய விட்டுடலாம், அங்க நம்ம தேவையே இல்ல'ன்னு சொல்லிட்டாங்க."



"அவங்க எப்படி இருப்பாங்க அண்ணி?"

"கண்ணாடிய நெத்தி மேல வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுவாங்க பாரு, அந்த மாதிரி."

நான் முகத்தை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அண்ணி சிரித்ததில் வாளித் தண்ணீர் தரையில் சிந்தியது. அண்ணன், "என்ன, என்ன?" என்றான்.

"உன் தங்கச்சி சங்கத்தையே மாமியாராக்கிட்டா."

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. இத்தனை நாளும் அக்காவுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் என் எதிரே காப்பியை வைத்துக்கொண்டு, கஷ்டம் ஏதும் உண்டா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வறுவல் வேண்டுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணி போன் போட்டுக் கொடுத்தார். கவுண்டருக்கு வெளியே அந்த அம்மாவிடம் பேசுவது எனக்கு வேறு மாதிரி இருந்தது. மனப்பாடம் செய்தது எதுவும் பொருந்தவில்லை. திக்கித் திக்கி அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"விசாரணைக்கு முன்னாடி அவங்க உறுப்பினர் சீட்டுல கையெழுத்துப் போட்டாகணும்மா" என்றார். "போட்டா நான் வந்து பக்கத்துல உக்காருவேன். கையுறை வாங்குன ரசீதக் காட்டு, பழைய கையுறை எங்கன்னு கேப்பேன். போடலன்னா என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. நான் அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். உங்களைப் பாத்தா கதவைச் சாத்திடுவாங்க. நானே பேசறேன்."

பேசினேன். அக்கா வீட்டு வாசலில் கட்டுப்போட்ட கையை முறத்தின் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்கிட்ட இதச் சொல்லி அனுப்புனது யாரு?"

"யாரும் இல்லக்கா. எங்க அண்ணிக்குத் தெரிஞ்சவங்க."

"காப்பி மெஷின்ல முன்னாடி ஒரு பொண்ணு நின்னா, நீ வர்றதுக்கு முன்ன. அவகிட்ட இப்படித்தான் ஒருத்தி வந்து 'கஷ்டமா இருக்காம்மா'ன்னு பாசமா கேட்டா. அவளும் பாவம், அம்மாகிட்ட சொல்ற மாதிரி ஆமான்னு சொன்னா. அடுத்த வாரம் அட்டவணையில அவ பேரே இல்ல. இப்ப என் மேல விசாரணை. சரியா அந்த நேரம் பாத்து ஒருத்தி வந்து கையெழுத்துப் போடுங்கறா. நான் போட்டுட்டு, அத நேரா மேல அனுப்பிட்டா?"

"அவங்க மாமியார் இல்லக்கா. நான் யோசிச்சுப் பாத்துட்டேன். மாமியார் பில்ல எடுத்துட்டுப் போவாங்க, கம்பெனில காட்டிக் காசு வாங்கணும்ல. இவங்க ஒவ்வொரு தடவையும் பில்ல தட்டுலயே விட்டுட்டுப் போனாங்க. நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்."

அக்கா ஒரு கல்லை வாசலுக்கு வெளியே எறிந்தார்.

"அப்ப அது புது டெக்னிக்கு."

ஒட்டகத்திடம் போனேன். அவன் சொன்னால் அக்கா கேட்பார்.

"பில்லு இப்பல்லாம் போன்லயே போயிடும், விஞ்ஞானி" என்றான். "நீ பட்டம் வாங்கி என்ன புண்ணியம்."

ஆய்வகத்தில் ஒரு கரைசலில் ஒரு பொருள் இருக்கிறது என்று காட்ட ஒரு துளி போதும். நிறம் மாறும், முடிந்தது. இல்லை என்று காட்டுவதுதான் கஷ்டம். எத்தனை துளி விட்டாலும், இன்னும் கொஞ்சம் விட்டுப் பார் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இங்கே எல்லோரும் அந்த ஒருவராக இருந்தார்கள். நிர்வாகம் அவர்களை ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, எதச் செஞ்சா நம்புவ?" என்று ஒட்டகத்தைக் கேட்டேன்.

அவன் இடுக்கியால் தாடையைச் சொறிந்தான்.

"மாமியார் ஒண்ணு மட்டும் செய்ய மாட்டா. சண்டை போட மாட்டா. தான் யாருன்னு தெரிஞ்சுடுமேன்னு அடக்க ஒடுக்கமாத்தான் இருப்பா. அந்தம்மா வந்து, நாலு பேர் முன்னாடி, நம்ம மேனேஜரை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன். அக்காவையும் போட வைக்கிறேன். சத்தியம்."

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"நான் இருவது வருஷம் துணிக்கடையில நின்னவம்மா. சண்டை போடறவங்களப் பாத்துப் பாத்துக் கும்பிடு போட்டுத்தான் பழக்கம். சரி, வர்றேன்."

அக்கா பேச்சை எடுக்கக் கூடாது, கையுறையைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். யார் சொன்னது என்று தெரிந்துவிடும். பொதுவாகத் திட்டினால் போதும்.

வியாழக்கிழமை அக்காவுக்கு வேலை நாள். கட்டுக்கு மேல் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு பொரித்துக்கொண்டிருந்தார். மதியக் கூட்டம் வரிசையில் நின்றது. அந்த அம்மா உள்ளே வந்தார். கண்ணாடி சரியாக மூக்கின் மேல் இருந்தது. இடுக்கி மூன்று முறை தட்டியது.

"மேனேஜரக் கூப்பிடும்மா" என்றார் என்னிடம். சத்தமாகத்தான்.

மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"இந்தப் பொண்ணு காலையிலேருந்து நிக்குது. பின்னாடி ஒரு ஸ்டூலு போட்டா உங்க கம்பெனி கவுந்துடுமா?"

நான் ஒட்டகத்தைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். அக்கா கூடையை எண்ணெய்க்கு மேலே பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். மேனேஜரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு அந்த முகம் மலர்ந்தது.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் மார்க்கில் புதிதாக ஒரு பகுதி சேரும்: கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறோம். ஐந்து படிகள். நாங்கள் எல்லோரும் ஒப்பித்துக் காட்டினோம்.

மேனேஜர் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்தார். அது முதல் படி.

"ஸ்டூல் இல்லங்கறது உங்க மனசுக்கு வருத்தமா இருக்கு. அப்படித்தானே மேடம்?" இரண்டாவது படி.

"எனக்கு வருத்தம் இல்லய்யா, அந்தப் பொண்ணுக்குக் கால் வலிக்கும். கேள்விக்குப் பதில் சொல்லு. போன வாரம் ஒரு நேரம், இந்த வாரம் ஒரு நேரம்னு மாத்தறியே, உன் வீட்டுப் பிள்ளைய இப்படி நடத்துவியா?"

"மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன் மேடம்."

"மன்னிப்பு எனக்கு எதுக்கு?"

அவர் நிஜமாகவே கோபப்படத் தொடங்கியிருந்தார். குரல் நடுங்கியது. இருபது வருடம் கும்பிட்டது எல்லாம் சேர்ந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. அவர் குரல் ஏற ஏற மேனேஜர் இன்னும் இன்னும் சந்தோஷமானார். அவருடைய கண்களில் மார்க் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பாமலே ஒரு கையை நீட்டினார். ஒட்டகம், என்னிடம் சத்தியம் செய்த அதே ஒட்டகம், ஒரு கோன் ஐஸ்கிரீமை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தான்.

"எங்க அன்பா ஏத்துக்கங்க மேடம்." நான்காவது படி.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய. ஐஸ்கிரீம் உருகி மேனேஜரின் மணிக்கட்டில் வழிந்தது. பின்னால் நின்ற ஒருவர், "வாங்கிக்கங்கம்மா, எங்களுக்கு நேரமாகுது" என்றார். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

"உங்க மேலான கருத்துக்கு நன்றி. மறுபடியும் வாங்க" என்றார் மேனேஜர். ஐந்தாவது.

அவர் போனதும் மேனேஜர் கைதட்டினார். இந்த முறை நூற்றுக்கு நூறு என்றார். ஒட்டகத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த எஃகு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீ சத்தியம் பண்ணியே" என்றேன் ஒட்டகத்திடம்.

"சண்டை போடற மாமியாரும் இருக்கான்னு சுற்றறிக்கைலயே போட்டிருக்கே. நான் மறந்துட்டேன்." அவன் என்னைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அக்கா கூடையைக் கொக்கியில் மாட்டினார். "அழற மாதிரி கூட வச்சா பாரு குரல" என்றார். "நல்லா நடிக்கிறா."

"அக்கா, நாளைக்குத் தனியாவா போகப்போறீங்க?"

"நீ வாயேன். நீ ஒண்ணும் பேச வேணாம். பேசவும் உனக்கு வராது. பக்கத்துல உக்காந்தாப் போதும்."

விசாரணை நடந்த இடம் கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கு அறை. காகிதக் கோப்பைப் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மண்டல அதிகாரி, பக்கத்தில் மேனேஜர். அதிகாரி சின்ன வயசு. மரியாதையாகப் பேசினார். அக்காவை உட்காரச் சொன்னார், கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு கேமராப் பதிவைக் காட்டினார். அக்கா வெறுங்கையோடு ஓடினார். அதிகாரி அதைத் திரும்பப் போட்டார். அக்கா திரும்ப ஓடினார்.

"கையுறை போட்டிருந்தேன் சார்" என்றார் அக்கா. "கிழிஞ்ச கையுறை. எண்ணெ உள்ள போயிடுச்சு. கழட்டி எறிஞ்சேன்."

"கையுறை கிழிஞ்சதா ஏதும் பதிவு இல்லையேம்மா. நானே காலைல பாத்தேன், மூணு ஜோடி நல்லா இருக்கே."

"அது அப்புறம் வந்தது சார்."

மேனேஜர் கோப்பைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். காது சூடாகி, என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"சார், அது உள்ள பஞ்சு வச்ச கையுறை. பஞ்சு எண்ணெய உறிஞ்சிக்கிட்டா சூட்டை வெளிய விடாது, தோலோட ஒட்டிக்கும். உடனே கழட்டினதாலதான் அவங்க விரலாவது மிச்சம். விதிய மீறிக் கையுறை போடாம இருந்திருந்தா, காயம் புறங்கையில சிதறியிருக்கும். அவங்களுக்குக் கட்டைவிரல் இடுக்குல மட்டும் ஆழமா இருக்கு. கிழிசல் இருந்த இடம் அதுதான். கட்டைப் பிரிச்சுப் பாருங்க சார்."

வாழ்க்கையில் நான் மனப்பாடம் செய்யாமல் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல்முறையாகப் பார்த்தார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"வேதியியல் சார்."

"பட்டதாரியா? கவுண்டர்லயா நிக்கறீங்க?" மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவங்கள ஏன் மேனேஜர் பயிற்சிக்கு அனுப்பல? எவ்வளவு தெளிவாப் பேசறாங்க."

"நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன் சார்" என்றார் மேனேஜர். அவர் என்னிடம் சிரி என்பதைத் தவிர எதுவும் சொன்னதில்லை.

"கையுறை சார்" என்றேன்.

"கண்டிப்பா. கையுறையோட தரம் பத்தி நல்ல ஆலோசனை. குறிச்சுக்கறேன். நீங்க பயிற்சிக்கு விண்ணப்பம் போடுங்க, என்ன?"

கட்டை யாரும் பிரிக்கவில்லை.

முடிவை அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். வேலை போகாது. கடைசி எச்சரிக்கை. கை ஆறும்வரை பொரிக்கும் இடத்திலிருந்து மாற்றி, கூடம் துடைக்கும் வேலை, வாரத்தில் இரண்டு நாள். காகிதத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். கையுறை அணியாதது என் தவறு, இதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அக்கா மெதுவாக, உதடு அசையப் படித்தார். பேனாவை எடுத்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"திங்கக்கிழமை போடறேன் சார்."

"இதுல யோசிக்க ஒண்ணும் இல்லையேம்மா. உங்களுக்குச் சாதகமாத்தான் முடிச்சிருக்கு."

"திங்கக்கிழமை போடறேன்."

"திங்கக்கிழமை கையெழுத்து இல்லன்னா, இத நீங்க ஏத்துக்கலன்னு அர்த்தம். அப்புறம் என் கையில இல்ல." அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே சரக்கு இறக்கும் நடைபாதையில் நின்றோம். காலி அட்டைப் பெட்டிகள், வாளியில் சாய்த்து வைத்த துடைப்பம். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சாதகமாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளைக்குப் போன் போடு."

"எந்தப் பொம்பள?"

"ஐஸ்கிரீம் வாங்கிட்டுப் போனாளே, அவதான்."

"நம்பறீங்களாக்கா?"

"நம்பல. மாமியாரா இருந்தா இருந்துட்டுப் போறா. இவ போய்ச் சொல்லி இதுக்கு மேல எனக்கு என்ன குறையப்போகுது? நான் செய்யாததுக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. செஞ்சது என்னன்னு யாராவது ஒருத்தர் காதுல விழட்டும். போடு."

போட்டேன். அவர் எடுத்ததும் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் பொரிக்கற இடத்துல நிக்கறவ பேசறேன். நீங்க யாரா வேணா இருங்க, எனக்குக் கவலை இல்ல. சொல்றத எழுதிக்கங்க. எழுதி எங்க வேணா அனுப்புங்க. ஒரு வரி விடாம எழுதணும்."

கடை திறந்த நாளிலிருந்து தொடங்கினார். முதல் எண்ணெய்ச் சட்டி எங்கே இருந்தது, அதை ஏன் மாற்றினார்கள், அப்போது இருந்த மேனேஜர் யார். கையுறைக்கு வர நேரமாகும் என்று தெரிந்தது. சீக்கிரம் கையுறைக்கு வாங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கட்டுப்போட்ட கையை நீட்டி என்னைத் தடுத்தார். மறுமுனையில் அந்த அம்மா, "ம்... சொல்லுங்க... மெதுவா, எழுதறேன்" என்பது எனக்கே கேட்டது.

கதவு திறந்தது. மேனேஜர் தலையை நீட்டினார்.

"கவுண்டர்ல ஆள் இல்ல. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. உள்ள வா."

"அக்கா பேசி முடிச்சதும் வர்றேன் சார். இது என்னோட போன்."

என் குரல் அவருக்குக் கேட்கவில்லை போல. காதைக் கதவுப் பக்கம் சாய்த்து, "என்ன?" என்றார்.

நான் மறுபடி சொன்னேன்.